அம்மா வெட்டிய மரை

முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு தேயிலைக் காட்டுக்குள் மருந்தடிக்கப் போன அம்மாக்களுக்குப் பிறந்தவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. நிறையப் பேர் இருப்போம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நாம் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. ஒன்றுகூடினால் கொழுந்தெடுத்த கதையைச் சொல்வோம், கோயில் திருவிழாவைச் சொல்வோம், காலைப் பனியில் விரல் மரத்துப்போனதைச் சொல்வோம். பம்பைச் சொல்ல மாட்டோம். நான் சொல்கிறேன். என் அம்மா அந்தப் பம்பைச் சுமந்ததோடு நிற்கவில்லை. தேய்ந்துபோன அதன் மரைகளைத் தன் கையால் புதிதாக வெட்டினாள். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிர்கிறது. கொஞ்சம் பெருமையடிப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைப்போல் அறுபதைத் தாண்டியவர்களுக்கு அந்தப் பம்பு நினைவிருக்கும். பிளாஸ்டிக் வருவதற்கு முந்தைய பித்தளைப் பம்பு. வெறும் பம்பே கைக்குழந்தை கனம் கனக்கும். தண்ணீரையும் மருந்தையும் ஊற்றிவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை முதுகில் ஏற்றிக்கொண்ட மாதிரி. இடது கையால் பிடியை ஏற்றி இறக்க வேண்டும், வலது கையால் குழாயை வீச வேண்டும். தொட்டியின் அடியில், சரியாக இடுப்புக்கு மேலே, ஒரு பித்தளை மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். ரப்பர் குழாயை அதில் ஒரு நட்டு வைத்து முறுக்குவார்கள். மூக்கின் வெளியிலும் நட்டின் உள்ளேயும் சுற்றிச் சுற்றி ஓடுகிற வரிதான் மரை. அந்த வரி ஒன்றோடொன்று சரியாகக் கவ்வினால் மருந்து குழாய்க்குள் போகும். கவ்வாவிட்டால் முதுகில் இறங்கும்.

எங்கள் தோட்டம் ஈப்போவுக்குக் கிழக்கே உள்ள மலைநாட்டில், திரிங்காப் என்ற ஊரின் காய்கறித் தோட்டங்களுக்கு எதிர் மலையில் இருந்தது. நான் சொல்வது நாலாம் வகுப்பு படித்த வருடக் கடைசி, அடைமழைக் காலம். மத்தியானத்துக்குப் பிறகு மூடுபனி நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குள்ளேயே வந்துவிடும். அடுத்த வீட்டுத் துணிக்கொடி தெரியாது, அடுப்புப் புகையின் வாசனை மட்டும் தெரியும். காலையில் வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் போதும், மழை வருவதற்குள் அடித்து முடியுங்கள் என்று மருந்தடிக்கிற கூட்டத்தை விரட்டுவார்கள். அந்த அவசரத்தில் நட்டைக் கோணலாக ஏற்றி முறுக்கிவிடுவார்கள். ஒரு நாள் கோணலாக ஏறினால் மறுநாள் நேராக ஏறாது. அப்படியே மரை மழுங்கிப் போகும்.

அப்பா அந்தத் தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். மழை தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பு, கொழுந்து உருட்டுகிற மிஷின் அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டது. இரண்டு விரல் போய்விட்டது. மிச்சம் இருந்த விரல்கள் மடங்கியே நின்றன. டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, கை தேறினால் பார்க்கலாம், இல்லாவிட்டால் ரோடு கூட்டுகிற வேலை என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து அப்பா பேசுவதைக் குறைத்துக்கொண்டார். கை போனதோடு ஆளும் போய்விட்டதாக அவரே முடிவு செய்துவிட்டார் என்று இப்போது புரிகிறது. அப்போது, அப்பாவுக்கு எங்கள் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் குசினி அடுப்படிக்குப் பின்னால் நாலு தகரம் போட்டு அப்பா ஒரு பட்டறை வைத்திருந்தார். பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்த மேசை. அதன் பலகை இடுக்கில் வெள்ளி மாதிரி மின்னுகிற தகட்டுத் துண்டுகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். மேசையின் ஓரத்தில் பொருளைக் கவ்விப் பிடிக்கிற இரும்பு வைஸ். மேசைமேல் ஒரு மரப்பெட்டி. அந்தப் பெட்டிதான் அப்பாவின் சொத்து. ஈப்போவில் ஒரு பழைய இரும்புக் கடையில், போகும்போதெல்லாம் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தவை. நட்டுக்குள் மரை வெட்டுகிற டேப்புகள், ஒவ்வோர் அளவிலும் மூன்று. போல்ட்டின் மேல் மரை வெட்டுகிற டைகள், வட்டமாக, நடுவில் பூ மாதிரி ஓட்டையோடு. அவற்றைப் பிடித்துச் சுற்ற நீளக் கைப்பிடிகள். நசுங்கிய மரையை நிமிர்த்துகிற சதுர அரம். மரையின் அளவு பார்க்கிற தகடுகள், மடக்குக் கத்தி மாதிரி விரியும், ஒவ்வொரு தகட்டிலும் பொடிப் பற்கள். அது பொம்மைக்குச் சீப்பு என்று நினைத்து ஒருமுறை எடுத்து அடி வாங்கியிருக்கிறேன். பெட்டியைத் திறந்தால் எண்ணெயும் துருவும் கலந்த ஒரு வாசனை வரும். கை போன பிறகு அப்பா அதைத் திறக்கவே இல்லை.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, அம்மா பின்கட்டில் சுவரைப் பார்த்து நின்று, ஈரத் துணியை முதுகில் ஒற்றிக்கொண்டிருந்தாள். இடுப்புக்கு மேலே உள்ளங்கை அளவுக்குத் தோல் உரிந்து சிவந்திருந்தது. நான் கத்திவிட்டேன்.

"கத்தாத. அப்பாவுக்குக் கேட்டுரும்" என்றாள். "பம்பு ஒழுகுது. எல்லாருக்கும்தான் ஒழுகுது."

எல்லாருக்கும்தான் ஒழுகியது. சைக்கிள் டியூப்பைக் கிழித்துக் கட்டினார்கள், துணியைச் சுற்றினார்கள், துணி மருந்தைக் குடித்துக்கொண்டு முதுகோடு ஒட்டிக்கொண்டது. எதிர் வீட்டு அக்கா கல்யாணமாகி அந்த வருடம்தான் எங்கள் லயத்துக்கு வந்தவர். அவருக்குப் புண் ஆழமாகிக் காய்ச்சலே வந்துவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப்போடுகிற டிரெசர் ஊதா மருந்து தடவி, குப்புறப் படுத்திரு என்று அனுப்பினார். படுத்தபடியே அவர் அழுவது எங்கள் வீட்டுக்குக் கேட்கும். கூட்டத்தை வேலை வாங்குகிற கங்காணி கெட்ட மனுஷர் இல்லை. "புதுப் பம்புக்கு எழுதிப் போட்டிருக்காங்கம்மா. அதுவரைக்கும் துணியக் கெட்டியாச் சுத்திக்கிட்டுப் போங்க" என்றுதான் சொன்னார். துணிதான் கெடுதல் என்று அவருக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை.

எதிர் வீட்டு அக்காவைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள், அம்மா தன் பம்பைக் கொழுந்துக் கூடைக்குள் வைத்து, மேலே சாக்கைப் போட்டு மூடி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

அப்பா பதறிப்போனார். "எஸ்டேட் சாமான எதுக்குத் தூக்கிட்டு வந்த? மரை கழண்டுருச்சா ஒனக்கு?"

"எனக்குக் கழலல. பம்புக்குத்தான் கழண்டுருச்சு. பாருங்க" என்று அம்மா பம்பைத் திருப்பி மூக்கைக் காட்டினாள். பிறகு, அதுவரை மறைத்துவைத்திருந்த முதுகையும் திருப்பிக் காட்டினாள்.

அப்பா அந்தப் புண்ணைப் பார்த்தார். எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தார்.

நட்டை வைஸில் பிடித்து, டேப்பை வைத்து, இடது கையால் சுற்றத் தொடங்கினார். வலது கையின் மடங்கிய விரல்களால் கைப்பிடியின் மறுபக்கத்தைத் தள்ளினார். அது வழுக்கியது. டேப்பு ஒருபக்கமாகச் சாய்ந்து இறங்கியது. அதைத் திரும்ப எடுத்தபோது, கொஞ்சநஞ்சம் இருந்த மரையும் சிதைந்து போயிருந்தது. பித்தளைத் துகள் மேசையில் கொட்டிக் கிடந்தது. அப்பா கைப்பிடியை வீசி எறிந்தார். அது தகரத்தில் பட்ட சத்தத்தில் கோழிகள் பறந்தன.

அம்மா போய் அதை எடுத்துவந்தாள். முந்தானையில் துடைத்தாள்.

"நீங்க வாயால சொல்லுங்க. நான் சுத்துறேன்."

"இது மாவாட்டுற வேல இல்ல."

"மாவாட்டத் தெரிஞ்சவளுக்கு இதுவும் வரும். சொல்லுங்க."

அப்படித்தான் தொடங்கியது. மத்தியானம் இரண்டு மணிக்கு அம்மா வேலை முடிந்து குளித்துவிட்டு வருவாள். மழை தகரத்தில் கொட்டும். அதை மீறி அப்பா கத்துவார். "நேரா நிக்குதா பாரு. ஒரே எடத்துல இருந்து பாக்காத, இந்தப் பக்கம் ஒருதடவ, அந்தப் பக்கம் ஒருதடவ பாரு. அர சுத்து முன்னால. இப்பக் கால் சுத்து பின்னால. துகள் ஒடையணும். ஒடைஞ்சிச்சா?"

முதல் வாரம் பம்பைத் தொடவே விடவில்லை. எதிர் வீட்டு அக்கா படுத்திருந்ததால், அவருடைய பம்பைச் சுமந்துதான் அம்மா வேலைக்குப் போய்வந்தாள். உடைந்த தண்ணீர்க் குழாய்த் துண்டுகளில் வெட்டச் சொன்னார். வெட்டும்போது எண்ணெய் விட வேண்டும். பன்றிக் கொழுப்பு இருந்தால் நல்லது என்று அப்பா சொன்னார், திரிங்காப்பில் தெரிந்த சீனர் ஒருவரிடம் வாங்கி வரலாமாம். "வீட்டுக்குள்ள அது வரக்கூடாது" என்று அம்மா தலையில் தேய்க்கிற தேங்காய் எண்ணெயை ஊற்றினாள். அதுவும் நன்றாகத்தான் வெட்டியது. பட்டறை முழுக்கத் தலை வாசனை.

ஓர் அளவுக்கு மூன்று டேப்பு என்றேனே. முதலாவது முனை சரிந்தது, பாதை போடுவதற்கு. இரண்டாவது ஆழப்படுத்த. மூன்றாவது அடிவரைக்கும் போய்ச் சுத்தமாக முடிக்க. அப்பா அவற்றுக்குச் சொன்ன பெயர்கள் அம்மா வாயில் நுழையவில்லை. அவள் மூத்தவ, நடுவுளவ, கடைக்குட்டி என்றாள். கொஞ்ச நாளில் அப்பாவும், "நடுவுளவ வேலய முடிச்சிட்டாளா? அப்பக் கடைக்குட்டிய எறக்கு" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். அவர் சிரித்ததைப் பல வாரங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒரு மத்தியானம் நடந்தது நன்றாக நினைவில் இருக்கிறது. அம்மா சுற்றிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"ஏன் நிப்பாட்டுன? இன்னும் நாலு சுத்து இருக்கு."

"கடிக்குதுங்க."

"ஒண்ணும் கடிக்காது, சுத்து."

"இல்லங்க. கையில தெரியுது. இதுக்கு மேல சுத்தினா ஒடைஞ்சிரும்."

அம்மா டேப்பைப் பின்னால் திருப்பி வெளியே எடுத்தாள். அதன் பள்ளங்களில் துகள் அடைத்துப் பிதுங்கிக்கொண்டிருந்தது. இன்னும் அரைச் சுற்று போயிருந்தால் டேப்பு துண்டாகி உள்ளேயே நின்றிருக்கும். அப்பா அதை வாங்கிப் பார்த்தார். தடவிப் பார்த்தார். பிறகு அம்மாவின் கையைப் பார்த்தார்.

"நான் இத்தன வருசத்துல ஏழெட்டு ஒடைச்சிருப்பேன்" என்று மட்டும் சொன்னார்.

சிதைந்த நட்டுக்கு வேறு வைத்தியம். பழைய மரையைத் துளைத்து எடுத்துவிட்டு, ஓட்டையைப் பெரிதாக்கி, அதில் பெரிய மரை வெட்டுவார்கள். குழாய்த் துண்டிலிருந்து அறுத்தெடுத்த ஒரு பித்தளை வளையத்தின் வெளிப்பக்கம் மரை போட்டு அதற்குள் திருகி இறக்கி, வளையத்தின் உள்ளே பழைய அளவில் திரும்ப மரை வெட்ட வேண்டும். நட்டுக்குள் ஒரு நட்டு. அம்மா அதைச் செய்து முடிக்க மூன்று மத்தியானம் ஆனது. பிறகு பம்பு நிறையத் தண்ணீர் ஊற்றி, உத்திரத்தில் தொங்கவிட்டு, கீழே பழைய பேப்பரை விரித்தார்கள். மூவரும் பேப்பரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பொறுக்காமல் அப்பா மூக்குக்கு அடியில் இடது உள்ளங்கையை ஏந்தினார். எடுத்துப் பார்த்தார். என்னிடம் காட்டினார்.

"ஒரு சொட்டு இல்ல லா!"

அதற்குப் பிறகு எதிர் வீட்டு அக்காவின் பம்பு வந்தது. பிறகு இன்னொருவருடையது. இரண்டிரண்டாகக் கூடையில் வந்தன, இரண்டிரண்டாகப் போயின.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். அம்மாவின் கை எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. நகக் கண்ணெல்லாம் கறுப்பு, விரல் இடுக்கெல்லாம் எண்ணெய்க் கறை. பள்ளிக்கூடத்துக்குப் பரிசளிப்பு நாளில் வந்தபோது, அவள் கையைப் பிடிக்காமல் முன்னால் ஓடிவிட்டேன். அவள் அந்தக் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டதைத் திரும்பிப் பார்த்தேன். பார்த்தும் நிற்கவில்லை. பேப்பரில் ஒரு சொட்டும் விழாத அன்றைக்கு எல்லாம் தலைகீழாக மாறியது. இப்போது யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்று இருந்தது.

சொன்ன ஆள், ஆபீஸ் கணக்கும் ஸ்டோரும் பார்க்கிற கிராணியின் மகள். என் வகுப்புத்தான். அவளுக்குக் காலில் போட்டுக்கொள்ளப் புதுச் சப்பாத்து வந்திருந்தது, அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

"சப்பாத்து பெரிய விஷயமா? ஒங்கப்பா ஸ்டோர்ல இருக்கிற பம்பு எல்லாம் இப்ப எங்க வீட்லதான் இருக்கு. எங்கம்மா ரிப்பேர் பண்றாங்க" என்றேன்.

அன்று சாயங்காலமே கிராணி வந்துவிட்டார். கூடவே வாட்ச்மேன். பட்டறையில் இரண்டு பம்பு பிரித்துக் கிடந்தது. கிராணி அதைப் பார்த்தார், மரப்பெட்டியைப் பார்த்தார்.

"பம்பும் எஸ்டேட்டோடது. இந்தச் சாமானும் ஃபேக்டரியோடதுதான? கை போனவன்னு பாவம் பாத்தா, இப்படியா?"

"பெட்டி என்னோடதுங்கய்யா. ஒவ்வொண்ணா வாங்கினது" என்றார் அப்பா.

"அத நாளைக்குத் தொரைகிட்டச் சொல்லு. ஒம்பது மணிக்கு ரெண்டு பேரும் ஆபீசுக்கு வாங்க."

வாட்ச்மேன் பம்புகளையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனார். திருட்டு என்று எழுதிவிட்டால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும். இது பத்து வயதில் எனக்கே தெரியும். நான்தான் சொன்னேன் என்று அழுதுகொண்டே ஒத்துக்கொண்டேன். அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன்.

"நெசத்தத்தான சொன்ன, விடு" என்றாள். பிறகு அப்பாவிடம் திரும்பி, மெதுவாகச் சொன்னாள். "என்னங்க, நீங்க செஞ்சதாவே சொல்லிருங்க. எடது கையாலயே இவ்வளவு செய்றான்னா வொர்க்‌ஷாப்புல திரும்ப எடுத்துக்குவாங்க. எனக்கென்ன, நான் பம்படிக்கிறவதான."

அப்பா விளக்கைத் தணித்துவிட்டுப் படுத்தார். அம்மா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அவர்களுக்குப் பின்னாலேயே போய் ஆபீஸ் வராந்தாத் தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். யாரும் விரட்டவில்லை. அம்மா இருந்ததிலேயே நல்ல சேலையைக் கட்டியிருந்தாள், மயில் கழுத்து நிறம். வெள்ளைக்காரர் போன பிறகு வந்த புதுத் துரை அவர். நம் நாட்டுக்காரர், மலாயில்தான் பேசுவார். அவருடைய மேசையில் பெட்டி திறந்திருந்தது. பக்கத்தில் அம்மா சரிசெய்த பம்பு. துரை நட்டைக் கழற்றிக் கழற்றி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொழிற்சாலை வொர்க்‌ஷாப்பில் எதுவும் குறையவில்லை என்று அங்கிருந்து ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். கிராணியின் முகம் கொஞ்சம் தொங்கியது.

"சியாப்பா புவாட்?" என்று துரை கேட்டார். யார் செய்தது என்று.

துரை மேலும் ஏதோ சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டு கிராணி அப்பாவிடம் திரும்பினார். "தொரைக்கு வேல புடிச்சிருக்கு. ஒன் கை தேறிருச்சான்னு கேக்குறாரு. தேறிருந்தா திங்கக்கெழமயே வொர்க்‌ஷாப்புக்கு வந்துரு."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தபடி, தெரிந்தும் தெரியாமலும் தலையை ஆட்டினாள். சொல்லுங்க, சொல்லிருங்க என்று. எனக்கும் அவர் சொல்லிவிட வேண்டும் என்றே இருந்தது. வீடு போகாது, அப்பா பழையபடி ஃபிட்டர் ஆகிவிடுவார், எல்லாம் சரியாகிவிடும்.

அப்பா மடங்கிய வலது கையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"கை தேறலைங்கய்யா. இனிமே தேறாது. இது என் சம்சாரம் செஞ்சது. மொதல்ல நான் வாயால சொன்னேன், அவ கையால செஞ்சா. இப்ப வாயாலயும் சொல்ல வேண்டியதில்ல. என்னைவிடச் சுத்தமா வெட்டுறா."

கிராணி மொழிபெயர்த்தார். துரை சிரித்துவிட்டார். கேலிச் சிரிப்பு இல்லை, நம்பாத சிரிப்பு. ஸ்டோரிலிருந்து இருப்பதிலேயே மோசமான பம்பைக் கொண்டுவரச் சொன்னார். மூக்கின் மரை பாதி படுத்துவிட்ட பம்பு அது. வராந்தாவில் வைத்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டினார். செய்துகாட்டு என்று.

"வைஸ் இல்லயே. எதுல புடிக்கிறது?" என்றாள் அம்மா.

"நான் இருக்கேன்" என்றார் அப்பா.

சிமெண்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார். பம்பைத் தொடைகளுக்கு நடுவில் வைத்து இறுக்கி, இடது கையால் மார்போடு அணைத்துக்கொண்டார். அம்மா அவருக்கு எதிரே மண்டி போட்டாள். பெட்டியிலிருந்து தகடுகளை எடுத்து மூக்கின்மேல் ஒவ்வொன்றாக வைத்து, பல்லோடு பல் பொருந்துகிற தகட்டைக் கண்டுபிடித்தாள். அரத்தை எடுத்து நசுங்கிய வரிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். பிறகு டையைக் கைப்பிடியில் மாட்டி மூக்கின்மேல் வைத்து, குனிந்து இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

அரைச் சுற்று முன்னால். கால் சுற்று பின்னால்.

ஆபீஸ் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். மருந்துக் கூட்டத்துப் பெண்கள் வேலியோரம் வந்து நின்றார்கள், கங்காணியும் வந்தார். அவள் அழுத்திச் சுற்றும்போதெல்லாம் அப்பாவின் உடம்பு சேர்ந்து குலுங்கும், ஆனால் பம்பு அசையவில்லை. நடுவில் ஒருதரம் அம்மா நிறுத்தினாள். அப்பா ஏன் என்று கேட்கவில்லை. காத்திருந்தார். அவள் திருப்பி எடுத்து, துகளை ஊதிவிட்டு, மறுபடி ஏற்றினாள். சுருள் சுருளாகப் பித்தளைத் துகள் மயில் கழுத்துச் சேலையில் விழுந்து மின்னியது.

நட்டு ஏறியது. விரலாலேயே கடைசிவரை ஏறியது. ஸ்பானர் வேண்டியிருக்கவில்லை.

தண்ணீர் ஊற்றித் தொங்கவிடுவார்கள், பேப்பர் விரிப்பார்கள் என்று நான் நினைத்தேன். அம்மா அப்படிச் செய்யவில்லை. பம்பு நிறையத் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். அந்த நல்ல சேலையோடு அதை முதுகில் ஏற்றி, வாரை மாட்டிக்கொண்டாள். வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பிடியை ஏற்றி இறக்கியபடி நடந்தாள். பூந்தொட்டிகளுக்கெல்லாம் தண்ணீர் பீச்சினாள். நாலு தடவை போய் வந்தாள். பிறகு துரைக்கு முன்னால் வந்து, முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

சேலையில் எங்கேயும் ஈரம் இல்லை.

துரை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா முந்திக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த கொஞ்ச மலாயில், திரும்பாமல் அப்படியே நின்றபடி சொன்னாள். "துவான், செமுவா ஓராங் பெலாகாங் சாக்கிட்." எல்லாருக்கும் முதுகு புண் என்று. பிறகு வேலியோரம் நின்ற பெண்களைக் கையால் காட்டினாள்.

துரை படியிறங்கிப் போய் அவர்களிடம் பேசினார். கிராணியும் பின்னாலேயே போனார். அவர்கள் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக் காட்டியிருக்க வேண்டும். திரும்பி வந்தபோது துரையின் முகத்தில் சிரிப்பு இல்லை. பம்புகள் எல்லாம் சரியாகும்வரை மருந்தடிப்பு கிடையாது, கூட்டம் கொழுந்தெடுக்கப் போகட்டும் என்றார். அம்மாவை வொர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து வேலை செய்யச் சொன்னார். அப்பா ஸ்டோரில் சாமான் கொடுத்து வாங்குகிற வேலைக்கு வர வேண்டும் என்றார். அதற்கு ஒரு கை போதும்.

எல்லாம் ஒரேயடியாக மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பம்புகள் முடிந்த பிறகு அம்மாவை மறுபடி மருந்தடிக்கத்தான் அனுப்பினார்கள். வொர்க்‌ஷாப்பில் பொம்பளைக்கு இடமில்லை என்றார்கள். சனிக்கிழமை மட்டும் பம்பு பார்க்கக் கூப்பிட்டார்கள். பதிவேட்டில் கடைசிவரைக்கும் அவள் மருந்தடிப்புத்தான். ஆனால் லயத்தில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஃபிட்டரம்மா என்றார்கள். கம்போங் ராஜாவிலிருந்தும் கியா பார்மிலிருந்தும்கூடத் தண்ணீர்ப் பம்பின் மரை போய்விட்டது என்று சீனர்களும் நம் ஆட்களும் தேடிவருவார்கள். அப்பாதான் வாசலுக்குப் போய், "இருங்க, கூப்பிடுறேன்" என்பார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த மிடுக்கு, அவரே ஃபிட்டராக இருந்தபோதுகூட இருந்ததில்லை. அந்த லயத்தை இடித்தபோது பெட்டி எங்கே போனது என்று தெரியவில்லை. தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. இருவரும் இப்போது இல்லை. அந்தத் தோட்டத்தில் மருந்தடிக்கப் போன பெண்களில் இன்றைக்கும் இருக்கிறவர்கள் என்னைப் பார்த்தால் ஃபிட்டரம்மா மகள் என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் சொந்தப் பேரைவிட அது எனக்கு நன்றாக இருக்கிறது.

ஆனால் உங்களுக்கு நான் சொல்லி முடிக்க விரும்புவது, பம்புகள் எல்லாம் சரியாகி, மருந்துக் கூட்டம் மறுபடி மலையேறின அந்த முதல் நாளை. எதிர் வீட்டு அக்காவும் புண் ஆறி அன்றைக்குத்தான் வேலைக்குப் போனார். பயந்துகொண்டேதான் போனார். மத்தியானம் மழை தூறத் தொடங்கும்போது வேகவேகமாக இறங்கி வந்தவர், தன் வீட்டுக்குப் போகவில்லை. நேராக எங்கள் பின்கட்டுக்கு வந்து, அம்மாவுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"அண்ணி, பாருங்க. எனக்கு நம்பிக்கை வரல. நீங்க தொட்டுப் பாத்துச் சொல்லுங்க."

அம்மா கையைத் துணியில் துடைத்தாள். அந்தக் கறுத்த விரல்களால் அக்காவின் ரவிக்கையைத் தொட்டாள், கீழே இடுப்பைத் தொட்டாள், புதுத் தோல் மூடியிருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் எடுக்கவே இல்லை.

"காஞ்சிருக்கு" என்றாள்.

அக்கா அப்படியே நின்றபடி அழுதார். அம்மாவின் கண்ணும் நிறைந்துவிட்டது. துடைக்கக் கையைத் தூக்கியவள், கறையைப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள். நான் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.